உள்ளி போட்ட சோறு

நேசபாய் அக்காவைப் பற்றி எங்கள் தெருவில் கேட்டால், "நாய்க்கு வெஷம் வெச்சவ" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சிரிக்கிற அந்த வாய்களை எனக்குத் தெரியும். அக்கா வைத்த மீன்கறியை வாங்கித் தின்னாத வாய் அதில் ஒன்றுகூட இல்லை. அடுத்த வீட்டுக்காரியாக நடந்ததை எல்லாம் பார்த்தவள் நான். அதனால் நான் சொல்கிறேன்.

திருவட்டாறில் எங்கள் சபையில் எந்த விருந்து என்றாலும் அடுப்புப் பக்கம் நிற்பது அக்காதான். கணவர் செல்வதாஸ் அண்ணன் இறந்த பிறகு ஒற்றைக்கு இருந்தாள். ஒரே மகன் ஜெப்சனுக்கு தோகாவில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். சில வாரம் கூப்பிடுவான், சில வாரம் மறந்துபோவான். மறந்த வாரம் "அவனுக்கு டூட்டியா இருக்கும்" என்று நமக்கு விளக்கம் வேறு சொல்வாள்.

போன லீவுக்கு வந்தவன் ஒரு லாப்ரடார் குட்டியை வாங்கி, லியோ என்று பெயரும் வைத்து, திரும்பும்போது அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனான். அதன்பிறகு தினமும் கூப்பிட்டான். "லியோ தின்னுதா? லியோவைக் காட்டுங்க." அக்கா ஃபோனை நாய்க்கு நேரே பிடித்துக்கொண்டே, நடுவில் "மக்களே, நீ சாப்பிட்டியா?" என்று ஒரு கேள்வியைச் சொருகிவிடுவாள். நாய் புண்ணியத்தில் மகன் குரல் கிடைத்ததே என்று அவளுக்கு அத்தனை சந்தோஷம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

லியோ பாக்கெட் தீனிதான் தின்றது. கொஞ்ச நாளில் சொறியத் தொடங்கி முடி கொட்டியது. ஜெப்சன் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு உத்தரவு போட்டான். "அம்மா, இனி பாக்கெட் வேண்டாம். வீட்டுச் சாப்பாடு குடுங்க. உப்பு, காரம், எண்ணெய் ஒண்ணும் போடப்பிடாது."

அக்கா சோறும் கோழியும் மத்தங்காயும் வேகவைத்து வைத்தாள். நாய் மோந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. ஊருக்கே சமைத்தவள், ஒரு நாய் தன் சோற்றை ஒதுக்கியதைத் தாங்குவாளா? அதோடு, நாய் தின்னாவிட்டால் சாயங்காலம் மகனுக்கு எதைக் காட்டுவது? மறுநாள் தேங்காயும் சீரகமும் ஒரு பிடி சின்ன உள்ளியும் அரைத்து, கொதிக்கவைத்துக் கலந்தாள். வெங்காயத்தை நாங்கள் உள்ளி என்போம். அது இல்லாமல் தேங்காய் அரைக்கிற அடுக்களை எங்கள் ஊரில் கிடையாது. பிள்ளை பெற்றவளுக்கு உள்ளி, இருமலுக்கு உள்ளி. அது கெடுதல் செய்யும் என்று யார் நினைப்பார்கள்? லியோ பாத்திரத்தைக் கழுவ வேண்டாத அளவுக்கு நக்கி வைத்தது.

அன்று மாலை மறுபடி அரைக்கும்போது நானும் அங்கே இருந்தேன். ஜெப்சன் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தான். "தேங்காயும் உள்ளியுமா? அம்மா, எனக்கே தின்னத் தோணுது," என்றான். அக்கா முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சில வாரங்களில் லியோ எழுந்து நிற்கவே தள்ளாடியது. ஈறு வெளுத்து, மூத்திரம் பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் போனது. ஆட்டோ பிடித்து மார்த்தாண்டத்துக்குக் கொண்டுபோனோம். மாட்டு டாக்டர் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார், அக்கா சொன்னாள்.

"உள்ளியா? நாய்க்கு உள்ளி ஆகாதே அம்மா. ரத்தத்தை அழிச்சிரும்."

அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "எனக்க கையாலயா? எனக்க கையாலயா குடுத்தேன்?"

டிரிப் ஏற்றி, ஊசி போட்டு, நாய் பிழைத்தது. உள்ளியை விட்டுவிட்டு வீட்டுச் சோறே கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னதை நான் ஜெப்சனிடம் ஃபோனில் சொன்னேன். கேட்டால்தானே. "வெவரம் இல்லாதவங்க கையில ஒரு ஜீவனை விட்டது எனக்க தப்பு," என்றான், அம்மா கேட்கும்படி. நீயும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாய் என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"விடு மக்கா. கோவத்துல அவன் கூப்பிடாம இருந்திரப்பிடாது."

அடுத்த வாரம் ஒரு பெட்டி வந்தது. கடைக்காரன் அதை அடுக்களையில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனான். தோகாவிலிருந்து ஃபோனில் அழுத்தினால் இங்கே பாக்கெட் தீனி கொட்டும். கேமராவும் ஸ்பீக்கரும் அதிலேயே உண்டு. முதல் நாள் பெட்டிக்குள்ளிருந்து "லியோ, வா மோனே, சாப்பிடு" என்று ஜெப்சன் குரல் வந்ததும் அக்கா ஓடிவந்தாள்.

"மக்களே, நீ சாப்பிட்டியா?"

பெட்டி பதில் சொல்லவில்லை. ஃபோன் வருவதும் அதோடு நின்றது. நாயை நேரே பார்த்துக்கொள்கிறான், பிறகு அம்மா எதற்கு?

மிக்சி சத்தம் கேட்டால் லியோ வாலை ஆட்டிக்கொண்டு வந்து நிற்கும். அதற்குக் கொடுக்காமல் தான் தின்ன மனம் வராமல், அக்கா தனக்கு அரைப்பதையே நிறுத்திவிட்டாள்.

நேற்று மத்தியானம் நான் போனபோது, அந்தப் பெட்டிக்கு முன்னால் தரையில் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். தலை சீவி, நல்ல சேலை உடுத்தியிருந்தாள்.

"என்னக்கா, இங்க இருந்தா தின்னுதிய?"

"நான் என்ன தின்னுதேன்னு அவன் காணட்டுமே," என்றாள். தட்டை மெல்லச் சாய்த்துக் கேமராவுக்குக் காட்டினாள். பழஞ்சோறும் ஒரு துண்டு நாரத்தங்காயும்.

பெட்டி கரகரத்தது.

"அம்மா," என்றது ஜெப்சனின் குரல். அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது.

"கொஞ்சம் தள்ளி இருங்க. லியோ தின்னுறது தெரியல்ல."

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு சுவரோரமாகத் தள்ளி உட்கார்ந்தாள்.