தொட்டிக்கு அடியில் ஒரு கை

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய லாட்ஜை இடித்தபோது, அதிலிருந்த குளியல் தொட்டியை என் கணவர் வாங்கி வந்துவிட்டார். ஆறு பேர் பாடை தூக்குவதுபோல் அதை எங்கள் மாடிக்கு ஏற்றினார்கள். அவர் அதில் படுத்துக் குளித்தது மொத்தம் இரண்டு முறை. இரண்டாவது முறை எழுந்திருக்க முடியாமல் என்னைக் கூப்பிட்டார். அதோடு அவருக்கு ஆசை தீர்ந்தது. தொட்டியில் போர்வை ஊறவைப்பது என் வேலையானது.

கீழ் வீட்டில் நெசவுக்கார தம்பதி குடியிருந்தார்கள். எங்கள் குளியலறைக்கு நேர் கீழே அவர்கள் தறி. ஒரு திங்கட்கிழமை காலை அந்தப் பெண் மேலே வந்தாள்.

"அக்கா, கொஞ்சம் கீழ வந்து பாருங்க."

தறிக்கு மேலே ஒரு குடையை விரித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அதில் பாதிக்குத் தண்ணீர். கூரையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. குடைக்குக் கீழே அரக்குச் சிவப்பில் யாருடைய கல்யாணத்துக்கோ ஒரு புடவை, முக்கால்வாசி முடிந்திருந்தது. அவள் கணவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நெய்துகொண்டிருந்தார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பிளம்பருக்குப் போன் செய்தேன். "வந்துக்கினே இருக்கேன்மா" என்றார். அன்றைக்கு அவருக்கு ஊர்க்கோடியில், ஓரிக்கையில் வேலை. செவ்வாய்க்கிழமை சாமி தூக்கப் போய்விட்டார். எங்கள் ஊரில் ஏதாவது ஒரு சாமி தினமும் வெளியே கிளம்பிவிடும். வேலைக்கு வராதவர்களுக்கு அது பெரிய வசதி. சென்னையில் வேலை பார்க்கும் கணவரைக் கூப்பிட்டால், "நீ எதுக்கு அத ரொப்புன?" என்றார்.

எங்கள் குளியலறையில் தொட்டி போக ஒரு ஆள் நிற்கத்தான் இடம். குளிப்பது, துவைப்பது எல்லாம் தொட்டிக்குள்ளேதான். இரண்டு நாள் பவுடர் போட்டுக்கொண்டு அலுவலகம் போனேன். புதன்கிழமை லீவு போட்டுவிட்டு ஹார்டுவேர் கடைக்குப் போனேன்.

"தொட்டி ஓட்டைக்கு ரப்பர் வாசர் வேணும்."

"இன்னா சைசுமா?"

விரல்களை வளைத்துக் காட்டினேன். கடைக்காரர் உற்றுப் பார்த்தார். "அந்த சைசுல மெதுவடைதான் இருக்குது. பழச கழட்டிக் கொண்டாங்க."

கழற்றுவதற்கு இரண்டு ஆள் வேண்டும் என்பது தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. மேலே ஓட்டையில் இருக்கும் சல்லடையை ஒருவர் அசையாமல் பிடிக்க வேண்டும். அடியில் இருக்கும் நட்டை இன்னொருவர் திருக வேண்டும். அடிப்பக்கம் கைவிட, தொட்டியைச் சுற்றிக் கட்டிய டைல்ஸ் சுவரில் ஒரு சின்னப் பொந்து விட்டிருந்தார்கள். என் கை முழங்கையோடு நின்றுவிட்டது. கீழே போய் நெசவுக்காரர் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் கதவுக்கு வெளியே காலை நீட்டித் தரையில் மல்லாந்து படுத்து, தோள்வரை கையை உள்ளே விட்டாள்.

"எந்தப் பக்கம்கா திருப்பணும்?"

"இடது பக்கம்."

"உன் இடதா, என் இடதா?"

"ரெண்டு பக்கமும் திருப்பிப் பாரு."

கால்மணி நேரத்தில் நட்டு கழன்றது. கூடவே ஒரு குடும்பத்துக்குச் சவுரி கட்டும் அளவுக்கு முடி வந்தது. பழைய வாசர் அப்பளமாக நொறுங்கியிருந்தது. துண்டுகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போய்ப் புது வாசர் வாங்கிவந்து மாட்டினோம். தொட்டியை நிரப்பினேன். மறுபடி சொட்டியது.

ஓரமாக உட்கார்ந்து அழலாமா என்று பார்த்தேன், உட்கார இடமில்லை. அவள்தான், "மஞ்சத்தூள் போடுக்கா, எங்க கசியுதுன்னு தெரியும்" என்றாள். போட்டேன். பொந்துக்குள் செல்போன் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். வாசரின் ஒரே ஓரத்தில் மட்டும் மஞ்சள் கோடு இறங்கியது. அந்த இடத்தில் பழைய ரப்பரின் பிசிறு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நான் துடைக்காமல் விட்டதுதான். தண்ணீரை வாளியில் மொண்டு ஜன்னல் வழியாகக் கொட்டிவிட்டு, எல்லாவற்றையும் திரும்பக் கழற்றினோம். அவள் பிளேடால் அந்தப் பிசிறைச் சுரண்டி எடுத்தாள். பட்டில் முடிச்சு எடுக்கிற கை, சுத்தமாக வந்தது. இரண்டாம் முறை நிரப்பியபோது ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. கீழேயிருந்து தறிச் சத்தம் நிற்காமல் கேட்டது.

இருவரும் நனைந்து, முழங்கையெல்லாம் அழுக்காக, குளியலறை வாசலில் உட்கார்ந்திருந்தோம். டீ போடட்டுமா என்று கேட்டேன். அவள் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சுக்க மாட்டியே. இதுல ஒரு வாட்டி படுத்துப் பாக்கட்டுமா?"

மஞ்சத்தூள் அப்பியிருந்த தொட்டியில் வெந்நீர் நிரப்பிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். அரைமணி நேரம் கழித்து அவள் கணவர் மேலே வந்தார்.

"அவ எங்கக்கா? சோறு இன்னும் வடிக்கல."

"குளிக்கிறா."

அவர் மூடிய கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளே சளக் என்று தண்ணீர் புரளும் சத்தம் கேட்டது. கூடவே ஏதோ பாட்டு. "இருக்கட்டும், நானே வடிச்சுக்கறேன்" என்று இறங்கிப் போனார். அவள் வெளியே வர இன்னும் முக்கால் மணி நேரம் ஆனது. விரல்கள் சுருங்கி, முகமெல்லாம் பளபளவென்று மஞ்சளாக இருந்தாள்.