கருவாட்டின் மேல் விழுந்த சைலன்ஸர்

மூன்று வருடங்களுக்கு முன், பொங்கல் லீவு முடிகிற ஞாயிற்றுக்கிழமை. மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே, ஒரு மீனவர் குப்பத்தை ஒட்டிய மணல்வெளி. காலை எட்டு மணி இருக்கும். அங்கேதான் என் இருபத்திரண்டு வருட சர்வீஸின் மானம் வானத்திலிருந்து கீழே விழுந்தது. விழுந்த இடம் கருவாடு.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கூடுவாஞ்சேரியில் வீடு. வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வாளர் வேலை. எங்கள் லைனில் ஒரு போல்ட்டை முழுசாக முடுக்கியதும், அதன் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுக்க வேண்டும். அப்புறம் போல்ட் கொஞ்சம் சுற்றினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கோட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் என் பிழைப்பு. என் சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு மஞ்சள் பேனா இருக்கும். கல்யாண மண்டபத்தில் ஃபேன் ஆடினால் என் கண் தாலி கட்டுவதை விட்டுவிட்டு அதன் போல்ட்டைத் தேடும். ஆள் கொஞ்சம் கறார். 'கொஞ்சம்' என்பது நான் சொல்வது. என் மனைவி ஒப்புக்கொள்ள மாட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் தொழிற்சாலையில் ஒரு விசாரணை இருந்தது. எங்கள் லைனில் ஒப்பந்த வேலை பார்க்கும் ஒரு பெண், ஒரு பாகத்தின் நான்கு போல்ட்டுக்கும் மஞ்சள் கோடு போட்டிருந்தார். அதில் நாலாவது போல்ட் கையாலேயே சுற்றுகிற மாதிரி தொளதொளவென்று இருந்தது. கண்டுபிடித்தது நான். "டைட் பண்ணிட்டுத்தான் சார் மார்க் வெப்பேன். இது எப்படின்னே தெரியலை" என்று அவர் அழாக்குறையாகச் சொன்னார். முடுக்காமல் எப்படிக் கோடு போட முடியும்? கை அதுவாகவா கோடு போடும்? 'வேண்டுமென்றே செய்த அலட்சியம்' என்று அறிக்கையில் எழுதி, அடியில் கோடும் இழுத்துக் கையெழுத்துப் போட்டேன். 'வேண்டுமென்றே' என்ற அந்த ஒரு வார்த்தை போதும், அவரை வேலையை விட்டு அனுப்ப. எனக்கு அதில் எந்த உறுத்தலும் இல்லை. நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

இனி விமானத்துக்கு வருகிறேன். எனக்கு இருக்கும் ஒரே கெட்ட பழக்கம், ரிமோட்டில் பறக்கவிடும் பொம்மை விமானம். நாலரை அடி இறக்கை, மூக்கில் நிஜமான சின்ன இன்ஜின். ஊரப்பாக்கத்தில் இருக்கும் என் நண்பர் ஒரு வங்கி அதிகாரி; அவருக்கும் அதே பைத்தியம். குப்பத்து ஆட்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மாதத்தில் ஒரு ஞாயிறு அந்த மணல்வெளியில் பறக்கவிடுவோம்.

அந்த இன்ஜினுக்கு ஒரு வியாதி. அதன் பக்கவாட்டில் இரண்டு நீள போல்ட்டால் மாட்டியிருக்கும் சைலன்ஸர், நாலு தடவை பறந்தால் ஆட ஆரம்பித்துவிடும். இன்ஜின் நடுங்குகிற நடுக்கத்தில் போல்ட் தானாகக் கழன்றுகொண்டே வரும். இடுக்கு வழியே கறுப்பு எண்ணெய் கசிந்து இறக்கையெல்லாம் பூசிக்கொள்ளும்.

சனிக்கிழமை மாலை அதற்கு நிரந்தர வைத்தியம் பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். சைலன்ஸரைக் கழற்றினேன். மரையில் இருந்த எண்ணெயைத் துடைக்க, மனைவியின் நெயில் பாலிஷ் ரிமூவரைச் சொல்லாமல் எடுத்தேன். புது போல்ட், கழன்று வராமல் பிடித்துக்கொள்ள ஸ்பிரிங் வாஷர், எல்லாம் தயார். இதில் ஒரு முறை உண்டு. முதலில் விரலால் மட்டும் முடுக்க வேண்டும். இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கி, நிறுத்தி, அந்தச் சூட்டிலேயே ஆலன் கீ என்கிற திருகு சாவி போட்டு இறுக்க வேண்டும். அப்போதுதான் பிடிப்பு நிற்கும். ஆனால் எங்கள் அடுக்குமாடியில் இன்ஜினை ஓடவிட்டால் குடியிருப்போர் சங்கச் செயலாளரே படியேறி வந்துவிடுவார். சரி, காலையில் கடற்கரையில் வைத்துச் சூடாக்கி இறுக்கிக்கொள்ளலாம் என்று விரல் முடுக்கோடு விட்டேன்.

அப்போது உள்ளேயிருந்து குரல். "ரிமூவர் பாட்டிலை யார் எடுத்தது?"

பதறிப்போய் எழுந்தேன். எழுந்த வேகத்தில் என்ன செய்தேன் என்பது அன்று எனக்குத் தெரியாது. பிறகுதான் புரிந்தது. இருபத்திரண்டு வருடப் பழக்கம். வேலையை முடித்து எழும்போது கை தன்பாட்டுக்குச் சட்டைப் பைக்குப் போய், பேனாவை எடுத்து, இரண்டு போல்ட்டிலும் அழகாக ஒரு கோடு இழுத்திருக்கிறது.

காலையில் கடற்கரை. பறக்கும் முன் விமானத்தை மேலிருந்து கீழ்வரை பரிசோதித்தேன். இறக்கை சரி. சக்கரம் சரி. சைலன்ஸரில் மஞ்சள் கோடு, நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. நேற்றே முடித்துவிட்டோம்போல என்று நினைத்துக்கொண்டேன். சத்தியமாக, விரல் நுனியால்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

"சைலன்ஸர் டைட்டா இருக்கா?" என்றார் நண்பர்.

"மார்க்கைப் பாருய்யா" என்றேன். எவ்வளவு அலட்சியமாகச் சொன்னேன் என்பது இன்றும் காதில் கேட்கிறது.

விமானம் ஜோராக எழும்பியது. குப்பத்தின் பக்கமாக இரண்டு வட்டம் அடித்தது. மூன்றாவது வட்டத்தில் இன்ஜின் சத்தம் திடீரென்று மாறிக் காது கிழிகிற மாதிரி அலற ஆரம்பித்தது. வெயிலில் பளபளவென்று ஏதோ ஒன்று விமானத்திலிருந்து பிரிந்து கீழே போனது.

"யோவ், என்னமோ விழுது!" என்றார் நண்பர்.

என்ன விழுகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த இன்ஜினுக்கு எரிபொருளைத் தள்ளிக் கொடுப்பதே சைலன்ஸரிலிருந்து டேங்குக்குப் போகும் அழுத்தம்தான். அது போனதும் இன்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோனது. சத்தமில்லாத விமானத்தை எப்படியோ மிதக்கவிட்டு, அடும்புக் கொடி படர்ந்த மேட்டில் இறக்கினேன். ஒரு கீறல் இல்லை. அப்பாடா என்று மூச்சு விடும்போது குப்பத்துப் பக்கமிருந்து வந்தது ஒரு குரல். அதற்கு மைக் தேவையில்லை.

"எவன்டா அவன், எங்க கருவாட்டு மேல குண்டு போட்டது?"

நண்பர் இருக்கிறாரே, ஆபத்துக்கு உதவும் நல்ல மனிதர். ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் விரலை நீட்டி என்னைக் காட்டிவிட்டார்.

போனோம். பழைய வலையை விரித்து, அதன் மேல் நெத்திலியும் காரப்பொடி மீனும் காயப்போட்டிருந்தது. நடுவில் ஒரு தட்டளவுக்கு மீன் சிதறி, எண்ணெய் தெறித்து, வலையில் உருகிய ஓட்டை. பக்கத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. முந்தானையை இழுத்துச் செருகியிருந்தார். சைலன்ஸரைச் சுள்ளியால் தள்ளி ஒரு வாளித் தண்ணீரில் போட்டிருந்தார். அது இன்னும் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

"உன்னுதா சார் இது?"

"ஆமாம்மா. மன்னிச்சிடுங்க. யார் மேலயும் படலையே?"

"கொஞ்சம் முன்னால இங்கதான் குந்திகினு மீனு திருப்பிகினு இருந்தேன். காக்கா ஓட்டலாம்னு அந்தாண்ட போனேன். இல்லாங்காட்டி என் தலதான்."

அதுவரை விமானத்துக்கு என்ன ஆச்சு என்றுதான் மனம் அடித்துக்கொண்டிருந்தது. அவர் உட்கார்ந்திருந்த மணையையும் அதற்கு ஒரு முழம் தள்ளி இருந்த ஓட்டையையும் பார்த்தேன். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் உட்கார்ந்ததைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியது. வாளியில் கைவிட்டு சைலன்ஸரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு போல்ட் போன இடம் தெரியவில்லை. இன்னொன்று மட்டும் ஓட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் தலையில் பாதி மஞ்சள் கோடு, போல்ட் நுழையும் சைலன்ஸரின் காதில் மீதிப் பாதி.

"இன்னா சார் இது, மஞ்சளா?"

அவமானத்தை மறைக்க நான் அந்த நேரத்திலும் விளக்கம் கொடுத்தேன். தொழிற்சாலையில் போல்ட்டை முடுக்கியதும் இப்படிக் கோடு போடுவோம், முடுக்கியாச்சு என்பதற்கு அடையாளம், நான் அதில்தான் பெரிய ஆய்வாளர் என்று.

அந்த அம்மா போல்ட்டை இரண்டு விரலால் பிடித்து உருவினார். வெண்ணெயில் இருந்து வருகிற மாதிரி வந்தது.

"பொட்டு வெச்சிட்ட, சரி. முடுக்குனியா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நொடியில்தான் சனிக்கிழமை மாலை முழுசாகக் கண்முன் வந்தது. விரல் முடுக்கு, ரிமூவர் பாட்டில், மனைவியின் குரல், சட்டைப் பைக்குப் போன கை. கூடவே, லைனில் அழாக்குறையாக நின்ற அந்தப் பெண்ணின் முகமும். 'எப்படின்னே தெரியலை சார்.'

"இல்லம்மா" என்றேன். "முடுக்கல. ஆனா முடுக்கிட்டதா நினைச்சேன்."

"எங்க வூட்டுக்காரு போட்டுலயும் இஞ்சின் கீது. அது இன்னா ஆட்டம் ஆடுது தெரியுமா? நடுக்கடல்ல போல்ட்டு கழண்டா எங்க போயி தேடுவாரு? ராவிக்கு அவுரு எல்லாம் முடுக்கிட்டேன்னுதான் சொல்வாரு. நான் காலைல ஒண்ணொண்ணா கைய வெச்சித் திருகிப் பாத்துட்டுத்தான் போட்டை தள்ள வுடுவேன். அவுரு பொய் சொல்ல மாட்டாரு சார். மறந்துடுவாரு. மறந்தது மறந்தவனுக்கு எப்டி தெரியும்?"

எனக்கு இதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் அவருக்குத் தேவைப்பட்டது.

"சரி, பேசினே இருந்தா காக்கா தின்னுடும். எண்ணெ பட்டதையெல்லாம் பொறுக்கு. அந்தாளை காக்கா ஓட்டச் சொல்லு."

அடுத்த ஒரு மணி நேரம், ஒரு தர ஆய்வாளர் வெயிலில் குந்தி நெத்திலியை ஒவ்வொன்றாக எடுத்து 'சரி', 'சரியில்லை' என்று பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு வங்கி அதிகாரி குச்சியை வைத்துக்கொண்டு 'உஸ்! உஸ்!' என்று காக்கையின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார். காக்கைகள் அவரைக் கொஞ்சமும் மதிக்கவில்லை. நான் 'சரி' என்று போட்ட மீனிலிருந்தும் அந்த அம்மா நாலைந்தை மோந்து பார்த்துத் தூக்கியெறிந்தார்.

முடித்ததும் சைலன்ஸரைக் கையில் கொடுத்தார். "என் கண்ணு முன்னால மாட்டு. மறுபடி யார் தலையிலயாவது வுழப்போவுது."

மாட்டினேன். மாற்று போல்ட் பெட்டியில் இருந்தது. விரலால் முடுக்கி, இன்ஜினை ஓடவிட்டு, நிறுத்தி, சூடு ஆறுமுன் ஆலன் கீயால் இறுக்கினேன். இடுப்பில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தவர் குனிந்தார். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு சைலன்ஸரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"இப்போ வை உன் பொட்டை" என்றார். "வெச்சிட்டு கடல் பக்கமா வுடு."

வீட்டுக்குப் போனதும் கதை முழுவதையும் மனைவியிடம் சொன்னேன். அவள் கேட்டது ஒரே கேள்வி: "அப்போ ரிமூவரை எடுத்தது நீங்கதான்?"

திங்கட்கிழமை விசாரணை. ஏ.சி. அறை. மேலாளர், மனிதவளத் துறை அதிகாரி, ஒரு ஓரத்தில் கைகளைக் கோத்துக்கொண்டு அந்தப் பெண். என் அறிக்கை மேஜை மேல் இருந்தது. "ஏதாவது சேர்க்கணுமா?" என்று மேலாளர் கேட்டார். நான் பையிலிருந்து சைலன்ஸரை எடுத்து அறிக்கையின் மேல் வைத்தேன். முந்தின இரவு மறுபடி கழற்றி எடுத்துவந்திருந்தேன். சோப்புப் போட்டுக் கழுவியும் பிரயோஜனம் இல்லை. இரண்டு நிமிடத்தில் அறை முழுக்க நெத்திலி வாசம். மேலாளர் கைக்குட்டையை எடுத்தார்.

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். மனிதவளத் துறை அதிகாரி சிரிப்பை அடக்கமாட்டாமல் தண்ணீர் குடிக்கிற மாதிரி நடித்தார். பிறகு அந்தப் பெண்ணிடம், முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "நாலாவது போல்ட் போடும்போது என்னம்மா நடந்தது?"

அவர் யோசித்து யோசித்துச் சொன்னார். முடுக்கும் கருவி பாதியில் சார்ஜ் இறங்கிப் போயிருக்கிறது. மாற்று பேட்டரி எடுக்கத் திரும்பியவரை, பக்கத்து லைனில் ஆள் இல்லை என்று கூப்பிட்டு அங்கே வேலைக்கு நிறுத்திவிட்டார்கள். பத்து நிமிடம் கழித்து ஓடிவந்து, விட்ட இடம் தெரியாமல் பேனாவை எடுத்திருக்கிறார். "கை அதுவா போட்டுடுச்சு சார்" என்றார்.

கை அதுவாகவா கோடு போடும் என்று கேட்டவன், அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்துகொண்டேன். 'வேண்டுமென்றே' என்ற வார்த்தையை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அவர் வேலை பிழைத்தது. இப்போது எங்கள் லைனில் ஒருவர் முடுக்கினால், இன்னொருவர் கை வைத்துப் பார்த்த பிறகுதான் கோடு போடுவார். எனக்குக் கிடைத்தது ஒரு புதுப் பெயர்: 'கருவாடு சார்'. காதுபடவே கூப்பிடுகிறார்கள். கூப்பிடட்டும்.

அந்த சைலன்ஸர் பத்தடி தள்ளிக் கடலில் விழுந்திருந்தால், போல்ட் சரியில்லை என்று கடைக்காரனைத் திட்டிவிட்டு, மறுநாள் நான் அந்த அறிக்கையைத் தலை நிமிர்ந்து வாசித்திருப்பேன்.