வெள்ளிக்கிழமை வந்த அப்பாக்கள்

வகுப்புப் பிரதிநிதி வேலையை மாணவர்கள் கைதட்டிக் கொடுப்பார்கள். மறுநாளே, எதற்கு வாங்கினாய் என்று கேட்பார்கள். அந்தப் பாடு பட்டவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும். மெதுவாகப் பேசுகிறவன், யாரிடமும் வம்புக்குப் போகமாட்டான் என்றுதான் வேலூர்க் கல்லூரியில் என்னைப் பிடித்துப் போட்டார்கள்.

நூற்றுப்பத்துக் கையெழுத்து

ஆம்பூர், வாணியம்பாடிப் பையன்கள் காலைப் பாசஞ்சரில் காட்பாடி வந்து, அங்கிருந்து பஸ் பிடித்துக் கரிப்புகைச் சட்டையோடு ஓடி வருவார்கள். வண்டி பாதி நாள் லேட். முதல் மணி அடித்தபின் நுழைந்தால் ஆப்சென்ட். அந்த மணியைக் கால்மணி நேரம் தள்ளி அடிக்கச் சொல்லி மூன்று பக்கம் மனு எழுதினேன். கையெழுத்து ஜாஸ்தியானால் மனுவுக்குக் கனம் கூடும் என்று ஹாஸ்டல் பையன்களையும் போடச் சொன்னேன்; நூற்றுப்பத்து சேர்ந்தது. முதல் கையெழுத்து என்னுடையது, நானும் ஹாஸ்டல்தான்.

பிரின்ஸிபால் பெயர்களை நிதானமாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஹாஸ்டலுக்கும் காலேஜுக்கும் நடுவுல எந்த ரயில்ப்பா ஓடுது?"

டீக்கடை அப்பா

ஆப்சென்ட் அதிகமானால் அப்பா சனிக்கிழமை நேரில் வந்து கையெழுத்துப் போடவேண்டும். இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. அந்த வருஷப் பட்டியலில் என் வகுப்பு ஏழுமலையின் பெயரும் வந்தது. அவன் அப்பாவுக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. அங்கே வார லீவு வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை வேலைக்கு வராதவன் இடத்தில் ஞாயிற்றுக்கிழமை வேறொருவன் நிற்பான்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் ஏற்கெனவே இரண்டு பையன்களுக்கு அப்பாவாக வந்து கையெழுத்துப் போட்டவர். அவரிடம் பேசி முடித்துவிட்டு, பெரிய உபகாரம் செய்தவன் மாதிரி ஏழுமலையிடம் போய்ச் சொன்னேன். அவன் சாப்பாட்டுத் தூக்கை மூடினான். கோபமெல்லாம் இல்லை.

"எனக்கு அப்பா இருக்கார்டா. அவருக்கு லீவு நாள்தான் வேற."

மூன்று வரி

அன்று சாயங்காலமே பிரின்ஸிபால் அறைக்குப் போனான். துணைக்கென்று போன நான் கதவோரமே நின்றுவிட்டேன். நான் மூன்று பக்கத்தில் சொல்ல முடியாததை அவன் மூன்று வரியில் சொன்னான்: சனிக்கிழமை வந்தால் அப்பாவுக்கு வேலை போகும், வராவிட்டால் எனக்குப் பரீட்சை போகும், வெள்ளிக்கிழமை வரச் சொல்லுங்கள். குரல் ஏறவுமில்லை, குழையவுமில்லை. ஒருத்தனுக்காக விதியை மாற்ற முடியாது என்றார் அவர். ஏழுமலை சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"ஒருத்தன் இல்ல சார், ஒன்பது பேர். எல்லார் அப்பாவும் தோல் ஷாப்புதான். ஹாஸ்டல் பசங்க யாரும் இதுல இல்ல."

மணி அடித்த பிறகு

வெள்ளிக்கிழமை காலை, முதல் மணிக்கு முன்னால் வரவேண்டும் என்று உத்தரவானது. அன்று பிரின்ஸிபால் ரிஜிஸ்டரோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். மணி அடித்தது. ஒருவரையும் காணோம். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்; நான் கேட்டைப் பார்த்தேன். ஏழுமலையின் பரீட்சை போயிற்று என்றே நினைத்தேன்.

இருபது நிமிஷம் கழித்து ஒன்பது அப்பாக்களும் வேகவேகமாக வந்தார்கள், பின்னால் பிள்ளைகள். வெளுத்த சட்டைகளில் ரயில் கரி. கைகளில் எவ்வளவு தேய்த்தும் போகாத, தோல் பதனிடும் ஆவாரம்பட்டைச் சாயம். ஏழுமலையின் அப்பா மூச்சு வாங்க முன்னால் வந்து கும்பிட்டார்.

"விடியறதுக்கு முன்னாடியே கெளம்பிட்டோம் ஐயா. வண்டி குடியாத்தத்துல நின்னது நவுரல. எங்களுக்கும் ஆப்சென்ட்டா?"

திங்கட்கிழமை முதல் மணி கால்மணி நேரம் தள்ளி அடித்தது, ஏழுமலை பரீட்சை எழுதினான், பிரதிநிதியாக நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் பிரின்ஸிபால் அறைக் கதவோரம் வாயைத் திறக்காமல் அவன் பின்னால் நின்றதுதான்.