திருநீறு பூசிய வேலிக்கருவை

அப்பா புறவாசலை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தபோதுதான் அதில் கொஞ்சம் மண்ணாவது மிஞ்ச வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

புறவாசல் முழுக்க சிமெண்ட் பூசிவிடுவது என்று அவர் முடிவு செய்திருந்தார். காரணம் நியாயமானதுதான். மழை பெய்தால் கரிசல் மண் செருப்பில் அப்பி வீடு முழுக்க வரும். முந்தின ஐப்பசியில் அம்மா துவைகல் பக்கத்தில் வழுக்கி விழுந்து ஒரு மாதம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஆனால் எனக்கு அந்தத் துண்டு மண்ணை விட்டால் பகலில் போய் நிற்க வேறு இடமில்லை. தாவரவியல் படித்து முடித்திருந்தேன், வேலை இல்லை. கூடப் படித்தவர்கள் கல்யாணமாகியும் திருப்பூர், சென்னை என்றும் போய்விட்டார்கள். அம்மா அக்காவின் பிரசவத்துக்காகச் சென்னையில். அப்பா காலை ரயிலில் மணியாச்சிக்கு வேலைக்குப் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவார். இடையில் பேசுவதற்கு ரேடியோதான், அதுவும் அதுபாட்டுக்குப் பேசும்.

டேப்பின் நுனி போய் நின்ற மூலையில் ஒரு கன்று. சின்னச் சின்ன இலை, இரட்டைச் சீப்பு மாதிரி. முள்ளும் இருந்தது.

“அப்பா, இது வன்னி!”

“வன்னியா? நல்லாப் பாருட்டி.”

“நான் படிச்சதே இதைத்தானப்பா.”

“சாமி மரம்ல அது. அது மேல எப்படி சிமெண்ட்டப் போட?” டேப் சுருண்டு டப்பாவுக்குள் போனது.

நிஜமாகவே வன்னி என்றுதான் நம்பினேன். மண் பிழைத்துவிட்ட சந்தோஷத்தில் இன்னொரு தடவை குனிந்து பார்க்கத் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அப்பா குளித்துவிட்டு வந்து அதற்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி, தண்டில் திருநீறு பூசி, கன்னத்தில் போட்டுக்கொள்வார். நான் முருங்கை எங்கே, அவரை எங்கே, அம்மாவுக்குப் பிச்சிக்கொடி எங்கே என்று மனசுக்குள் தோட்டமே போட்டுவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கத்துப் புஞ்சையில் கிடை போட்டிருந்த ஆட்டுக்காரரிடம் உரத்துக்கு இரண்டு சாக்கு ஆட்டுப் புழுக்கை வாங்கி, ஒன்றை அப்படியே பரப்பினேன்.

முதல் மழைக்குப் பிறகு புறவாசலே பச்சைப்பசேலென்று கிடந்தது. குனிந்து பார்த்தேன். எல்லாம் வன்னி! வன்னி இப்படிப் புல் மாதிரியா முளைக்கும்? மூலையில் நின்ற பெரிய கன்றின் கிளையை வளைத்தேன். இலை பிறக்கிற கணுவிலேயே முட்கள் ஜோடி ஜோடியாக இருந்தன. வன்னிக்கு முள் கணுவுக்குக் கணு நடுவில், தண்டில் சிதறிக் கிடக்கும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். இது ரயில் பாதையோரம், கண்மாய்க்குள், எங்கும் நிற்கிற வேலிக்கருவை, சீமைக்கருவேலம்.

புழுக்கை பரப்பிய இடத்தில்தானே முளைத்திருக்கிறது? சுவருக்கு மேலாக எட்டி ஆட்டுக்காரரைக் கேட்டேன். “அண்ணாச்சி, உங்க ஆடு கோடையில என்ன திங்கும்?”

“வேற என்ன தாயி கெடக்கு? கருவ நெத்துதான். நல்லா இனிக்கும். ஆடு மிச்சம் வச்சா நானும் தின்பேன்.”

ஒரு புழுக்கையை உடைத்துப் பார்த்தேன். ஆடு தின்ற கருவைக் காயின் விதை செரிக்காமல் உள்ளே முழுசாக இருந்தது.

சாயங்காலம் அப்பா செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன்.

“ஏட்டி, அப்போ இத்தன வெள்ளிக்கிழமையும் வேலிக்கருவைக்கா நான் திருநீறு பூசுனேன்?” சிரிக்க ஆரம்பித்தவருக்குப் புரை ஏறிவிட்டது. நானும் சிரித்தேன். அம்மா சென்னைக்குப் போன பிறகு அந்த வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “சரி, கொத்தனார வரச் சொல்லுதேன்.”

“அம்மா வாரதுக்குள்ள அம்புட்டையும் எடுத்துக் காட்டுதேன்ப்பா.”

“எடு பாப்போம். ஊரையே வளைச்சுக் கெடக்கு, உனக்கா போவப்போவுது?”

குஞ்சுக் கன்றுகள் ஈரத்தில் வேரோடு வந்துவிட்டன. பெரியதை அரிவாளால் வெட்டினேன். கொஞ்ச நாளில் அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்கு ஆறாகத் துளிர்த்து, முன்னைவிடத் தெம்பாக நின்றது. மண்ணுக்குக் கீழேயும் அதற்கு மொட்டு இருக்கிறது. அதையும் சேர்த்துத் தோண்டினால்தான் சாகும். தோண்டக் கரிசல் விட வேண்டுமே! ஈரமாக இருந்தால் மண்வெட்டியை விடாது, காய்ந்தால் கடப்பாரை ணங்கென்று திரும்பும். மழை விட்டு இரண்டுக்கும் நடுவே புட்டு மாதிரி உதிர்கிற பக்குவம் வரும். அதற்காகக் காத்திருந்தேன்.

முள் ஏறி விரல் வீங்கியது. ஞாயிற்றுக்கிழமை எஸ்டிடி பூத்தில் அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தேன். அங்கே அக்காவின் குழந்தை வீறிட்டது. “சாப்பிட்டியாட்டி? வைக்கட்டா?” என்றாள். வைத்துவிட்டாள்.

மார்கழியில் வேர் வெளியே வந்தது, என் கை நீளத்துக்கு மேல். அப்பா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடுத்த வாரம் கொத்தனார் வந்தார். நடை வழியும் துவைகல்லைச் சுற்றியும் மட்டும் பூசினார்.

“மிச்சம் உனக்கு. ஆனா ஒரு கருவ தலை காட்டுனாலும் பூசிருவேன், சொல்லிட்டேன்” என்றார் அப்பா.

இன்னொரு சாக்குப் புழுக்கை அப்படியே இருக்கிறது. தூரப்போட மனசில்லை. நாளைக்கு அதைச் சிமெண்ட் தரையில் பரப்பி, நனைத்து, விதையை எல்லாம் முளைக்கவிட்டுப் பிடுங்கப்போகிறேன். ஒன்றும் முளைக்காத அளவுக்கு மறுபடியும் மறுபடியும் நனைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்த எருவைப் போட அம்மாவின் பிச்சிக்குக் குழி.