சந்தனத்துக்குக் கீழே பட்டி

வண்டிக்கு பிபிஎஃப் ஒட்டும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும். பெயிண்டில் கீறல் விழாமல் இருக்க ஒட்டும் கண்ணாடி போன்ற ஃபிலிம் அது. ஒன்பது வருடமாக ஒட்டுகிறேன். ஒரே ஒரு வண்டிக்காகத்தான் என்னைக் குற்றவாளி மாதிரி நிற்க வைத்தார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, ஆற விடுவதாகவும் இல்லை.

தஞ்சாவூர் பைபாஸில் கடை. வண்டிக்காரர் கலியமூர்த்திக்குத் திருவிடைமருதூர்ப் பக்கம், விவசாயக் குடும்பம். சிங்கப்பூரில் பத்து வருடம் உழைத்து வாங்கிய வெள்ளை கார். ஷோரூமில் பூஜை போட்டு டெலிவரி எடுத்து, நேராக எங்கள் கடைக்கு வந்தார். பானெட்டின் நடுவில் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் அப்பி, மேலே குங்குமம் வைத்திருந்தார்கள்.

"அண்ணே, சாமி சந்தனம். துடைக்கிற நேரம் வந்தா சொல்லுங்க, நானே துடைச்சுத் தர்றேன்" என்றார்.

"நீங்களே துடைங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்றேன்.

அறுவடை நேரம். ரோட்டில் காயும் நெல்லின் தூசி உள்ளே வராமல் ஷட்டரை இறக்கி, தரையை நனைத்துவிட்டு பெயிண்ட் மீட்டரை எடுத்தேன். பெயிண்ட் எத்தனை மைக்ரான் கனம் என்று அது காட்டும். கதவு, கூரை, பானெட் ஓரம் எல்லாம் நூற்றுப்பத்து, நூற்றிருபது. கம்பெனி பெயிண்ட் அப்படித்தான் இருக்கும். சந்தனம் இருந்த இடத்தில் மட்டும் வைக்கவில்லை. நான் மாதா கோயிலுக்குப் போகிறவன். இன்னொருவர் சாமிப் பொட்டில் மீட்டரை அழுத்துவதா என்று கை கூசியது. அவர் துடைத்துக் கொடுத்த பிறகாவது வைத்திருக்க வேண்டும். வைக்காமலேயே ஃபிலிமை விரித்தேன். அது என் தப்புதான், மறைக்கவில்லை.

நடுவில் ஒரு தூசி சிக்கியது. அதை எடுக்க ஃபிலிமை மெல்லத் தூக்கினேன். கூடவே உள்ளங்கை அளவு பெயிண்டும் உரிந்து வந்தது. அடியில் சாம்பல் நிறத்தில், நசுங்கிய இடத்தை நிரவப் பூசும் பட்டி. அடிபட்ட பானெட்டுக்குப் பட்டி பார்த்து, மேலே பெயிண்ட் அடித்து, புது வண்டி என்று விற்றிருக்கிறார்கள்.

கடை முதலாளி போன் செய்ததும் ஷோரூம் மேனேஜர் வந்தார். குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"சார், நாங்க குடுக்கும்போது பளிச்சுன்னு இருந்துச்சு. இவங்க ஹீட் கன்னை வச்சுப் பொசுக்கிட்டாங்க" என்று கலியமூர்த்தியிடம் சொன்னார்.

முதலாளி என்னைத் தனியே இழுத்தார். "ஆரோக்கியம், அவங்க வண்டி அனுப்பித்தான் நம்ம கடையே ஓடுது. உன் கைத்தவறுன்னு ஒத்துக்க. பானெட்டை நான் பாத்துக்கிறேன்."

அப்படி ஒத்துக்கொண்டால் இந்தப் பக்கத்தில் எந்தக் கடையிலும் என்னை வண்டியைத் தொட விடமாட்டார்கள். கையைத் தவிர எனக்கு வேறு என்ன முதல் இருக்கிறது?

எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "பொட்டு இருந்த இடத்துல மீட்டர் வைக்காதது என் தப்பு. அதுக்கு மன்னிப்பு கேக்குறேன். பெயிண்ட் உரிஞ்சது என் தப்பில்ல."

மீட்டரைக் கலியமூர்த்தி கையிலேயே கொடுத்தேன். பானெட் ஓரத்தில் வைத்தார், நூற்றுப்பதினைந்து. உரிந்த இடத்தை ஒட்டி, பெயிண்ட் மிச்சமிருந்த பக்கம் வைத்தார், நானூற்றுப்பத்து. அடியில் பட்டி இல்லாமல் அந்தக் கனம் வராது.

"அந்த மெஷினெல்லாம் சரியா காட்டாது சார்" என்றார் மேனேஜர்.

கலியமூர்த்தி குரலை உயர்த்தவில்லை. "உங்க ஷோரூம்ல நின்ன மத்த வண்டிக்கெல்லாம் விரல்நுனி அளவுதான் பொட்டு. எனக்கு மட்டும் ஏன் அப்புனீங்க?"

மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திருட்டுத்தனத்தை மறைக்கச் சாமியை இழுத்திருக்கிறார்கள். நானோ மரியாதை என்று நினைத்து அதற்குக் காவல் நின்றிருக்கிறேன்.

ஷோரூம் வேறு வண்டி கொடுத்தது. கலியமூர்த்தி அதையும் என்னிடமே கொண்டுவந்தார். என்மேல் பழி போட்டவர் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. முதலாளி, நான் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கலாம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

பொட்டோ மாலையோ சிலுவை ஸ்டிக்கரோ, எதுவானாலும் எடுக்கச் சொல்லிவிட்டு அங்கேதான் முதலில் மீட்டரை வையுங்கள். வண்டிக்காரரைப் பக்கத்தில் நிறுத்தி, ஒவ்வொரு நம்பரையும் வாய்விட்டுப் படியுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். ஷோரூம்காரர்கள் காதில் விழும் என்று முதலாளி முணுமுணுக்கிறார். விழட்டும் என்றுதான் சத்தமாகப் படிக்கிறேன்.