துரை பாதியில் விட்ட கட்டளை

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் தர்மராசாவுக்கு நாங்கள் வைத்த பெயர் 'பொறுங்கோ'. அவர் காதுபடச் சொல்லமாட்டோம். ஆனால் அவருக்குத் தெரியாமலும் இல்லை. யாழ்ப்பாணத்து மனிதர். ஹல்துமுல்லைப் பக்கத்துக் காற்றைத் தன் சொந்த விரோதியாக நினைத்து, பதுளையில் தைத்த கோட்டுக்கு மேல் ஒரு மப்ளரும் சுற்றிக்கொண்டுதான் வெளியே வருவார்.

மற்றத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் அரைகுறையாகவாவது தமிழ் பேசுவார்கள். எங்கள் துரை ஐம்பத்திரண்டில் புதிதாக வந்தவர். அவருக்குத் தெரிந்த தமிழ் 'சரி', 'போ' இரண்டும்தான். ஆகவே காலையில் எல்லோரும் வேலைக்குக் கூடி நிற்கும் பெரட்டுக் களத்தில் துரை சொல்வதைத் தமிழில் சொல்லும் பொறுப்பு தர்மராசாவின் தலையில் விழுந்தது. அதை அவர் பாரமாக நினைக்கவில்லை, பட்டமாகவே நினைத்தார்.

துரையின் வாயில் எந்நேரமும் சுங்கான் குழாய் இருக்கும். ஆங்கிலத்தில் 'கூப்பிடு' என்பார், புகை விடுவார், 'அண்ட்' என்பார். 'எச்சரி' என்பார், புகை விடுவார், மறுபடியும் 'அண்ட்'. இப்படிச் செய்ய வேண்டியதையெல்லாம் வரிசையாகக் கோத்துக்கொண்டே போய், கடைசியில்தான் 'ஹிம்' என்றோ 'இட்' என்றோ ஒன்றை முணுமுணுப்பார். நம் பேச்சில் ஆளை முதலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத்தான் அவனை அடிக்கப் போகிறோமா அணைக்கப் போகிறோமா என்று சொல்வோம். ஆங்கிலத்தில் கம்பு முதலில் வரும், முதுகு பிறகு வரும். அந்த முதுகு வந்து சேரும்வரை தர்மராசா ஒரு கையை உயர்த்திக்கொண்டு எங்களைப் பார்த்து, "பொறுங்கோ, துரை இன்னும் முடிக்கேல்லை" என்பார். நாங்கள் குளிரில் நின்று பொறுப்போம்.

ஒருநாள் பாக்கியலெட்சுமிக்குப் பொறுமை போய்விட்டது. கொழுந்து கிள்ளுவதிலும் வாயிலும் அவளுக்கு ஈடு கிடையாது.

"கிளாக்கரையா தமிழைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள கொழுந்தெல்லாம் முத்திப்போயிருங்க!"

களமே சிரித்தது. என்னவென்று புரியாத துரையும் சேர்ந்து சிரித்தார். தர்மராசா மட்டும் சிரிக்கவில்லை. அன்று வீட்டுக்குப் போனவர் சரியாகச் சாப்பிடவில்லை என்றும், "நாளைக்குப் பாரும், துரை வாய் மூட முதல் நான் சொல்லிப்போடுவன்" என்று சபதம் எடுத்தார் என்றும் அவர் மனைவி கமலாம்பிகை பிறகு சொன்னார்.

மறுநாள் துரை கோபமாகவே வந்தார். சுங்கானில் வழக்கத்தைவிட அதிகப் புகை.

"கேட்ச்... அண்ட் டை அப்... அண்ட் சென்ட் ஆஃப் மை எஸ்டேட்..."

தர்மராசா பொறுக்கவில்லை. சபதத்தைக் காப்பாற்றினார்.

"பிடிச்சு, கட்டி, தோட்டத்தை விட்டு அனுப்பச் சொல்லுறார்!" என்று முழங்கினார்.

அந்த நேரம் பார்த்து ஆபீஸில் டெலிபோன் அடித்தது. பியூன் கந்தப்பன் ஓடிவந்து துரையைக் கூப்பிட்டான். உள்ளே போன துரை வெளியே வந்ததும் காரில் ஏறி அப்புத்தளைக்குப் போய்விட்டார். ஓடுகிற காரை மறித்து 'யாரை?' என்று கேட்கும் துணிவு தோட்டத்தில் யாருக்கு இருக்கிறது?

"யாரையிங்க?" என்று எங்களில் ஒருவர் தர்மராசாவைக் கேட்டார்.

"துரை இன்னும் சொல்லேல்லை."

யாரும் நம்பவில்லை. ஆளைச் சொல்லாமல் ஒரு மனிதன் எப்படிப் பேச முடியும்? கிளாக்கர் இரக்கப்பட்டு மறைக்கிறார் என்றார்கள் சிலர். விலை கேட்கிறார் என்றார்கள் வேறு சிலர். அதன்பிறகு நடந்த கூத்துக்குக் குறைவில்லை. கந்தப்பன் தனியே வந்து, துரையின் பங்களா விறகில் கொஞ்சம் தன் வீட்டு அடுப்புக்கும் போனதை ஒப்புக்கொண்டான். பாக்கியலெட்சுமி வாய் வற்றிப்போய், எடை கூட்டக் கொழுந்துக் கூடையின் அடியில் தண்டு போட்டதைச் சொல்லி அழுதாள். இரண்டாம் லயத்தில் குடியிருக்கும் கிழவர் ஒருவர், தான் செய்த குற்றம் என்னவென்று நினைவுக்கு வராமலே மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். தர்மராசாவின் வீட்டு வாசலில் பூசணிக்காய், முட்டை, ஒரு சேவல் என்று வந்து குவிந்தன. "எனக்கு ஒண்டும் தெரியாது" என்று அவர் சொல்லச் சொல்ல எல்லாம் இன்னும் அதிகமாக வந்தன. கமலாம்பிகை சேவலைக் கட்டிவிட்டு மற்றவற்றைக் குசினியில் அடுப்புப் பக்கம் அடுக்கினார்.

மதியம் துரை திரும்பினார். தர்மராசா மப்ளரைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டார். துரை அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இட், மேன், இட்! தி கோட்!"

ஆடு! பங்களாத் தோட்டத்து ரோசாச் செடிகளை முதல் நாள் மேய்ந்த ஆடு!

தேயிலை ஸ்டோருக்கு வந்து தர்மராசா இதைச் சொன்னதும் நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரிப்பு அடங்குமுன் ஒருத்தி ஓடிவந்து, மாடசாமி குடியிருக்கும் லயக் காம்பரா பூட்டிக் கிடக்கிறது, அவனும் அவன் மனைவி பெரியாயியும் மூட்டை கட்டிக்கொண்டு பெரகலைப் பக்கம் இறங்கிப் போனார்களாம் என்றாள். மாடசாமி போன வாரம்தான் துரையை நேரே பார்த்து, கூரை ஒழுகுகிறது, தகரம் மாற்ற வேண்டும் என்று கேட்டவன். கை கட்டாமல் கேட்டான் என்று கங்காணி அன்றிலிருந்து அவனோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

தர்மராசாவின் முகம் செத்துப்போயிற்று. என்னையும் இழுத்துக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கினார். அந்த மனிதர் ஓடி நான் பார்த்தது அன்றுதான். கோட்டு தேயிலைச் செடியில் மாட்டிக் கிழிந்தது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அவர்மேல் பாசம் வந்தது.

பெரகலைச் சந்தியில், இப்றாஹீம் நானாவின் கடைக்கு முன்னால், இருவரும் மொனராகலை பஸ்ஸுக்காக நின்றார்கள். பெரியாயியின் காலடியில் மூட்டை.

"மாடசாமி, நில்லும்!" என்றார் தர்மராசா. எங்களில் ஒருவனை அவர் அப்படி மரியாதை வைத்துக் கூப்பிட்டு அதுவரை நான் கேட்டதில்லை. "உம்மை இல்லை. ஆட்டை. துரை சொன்னது ஆட்டை! வாரும், திரும்பிப் போவம்."

மாடசாமி மூட்டையை ஒருமுறை பார்த்தான். கோபப்படவில்லை.

"ஆடுன்னு இப்பத் தெரியுதுங்க. ஆனா காலையில புடிச்சுக் கட்டுன்னு நீங்க சொன்னதும் என்னையத்தான்னு பட்டுச்சு. பொஞ்சாதி கண்ணு முன்னால கட்டுவாங்களோன்னு பயந்துட்டேன். கூரை ஒழுகுதுன்னு கேட்டதுக்கே இப்படிப் பயந்து கெடக்கணும்னா, அந்த எடத்துல எப்படிங்க திரும்பிப் போய்ப் படுக்கிறது?"

தர்மராசா கிழிந்த கோட்டை இழுத்து மூடினார். காலையில் மொத்தத் தோட்டமும் அப்படித்தானே பயந்தது? சற்று முன் வயிறு வலிக்கச் சிரித்த எனக்கு வெட்கமாக இருந்தது.

பஸ் வந்தது. பெரியாயி குனிவதற்குள் தர்மராசா மூட்டையைத் தூக்கித் தன் கையாலேயே உள்ளே வைத்தார். மாடசாமி கும்பிட்டான். பஸ் வளைவில் மறையும்வரை நாங்கள் அங்கேயே நின்றோம்.

திரும்பி மலை ஏறினோம். பாதி வழியில் அவர் மூச்சு வாங்க ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

"உண்மையைச் சொல்லட்டே?" என்றார். "டெலிபோன் அடிக்கேக்க, துரை என்னைத்தான் சொல்லப் போறார் எண்டு நானும் நினைச்சனான்."