மூன்று முள் பெட்டி

என் சின்ன மாமாவுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. எங்கள் வீட்டில் அது எல்லோருக்கும் தெரியும். வெளியில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் இருந்தால்தான் அவருக்கு வேலை. வார நாட்களில் ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் சாமான் ஏற்றி இறக்குவார். சனிக்கிழமைகளில் ஈப்போவில் இருந்த கேம் கடைகளுக்குப் போய், காசு போட்டு விளையாடும் பெரிய மெஷின்களின் கலர் திரைகளைப் பழுது பார்ப்பார்.

அவருக்குக் கண்ணாகப் போனவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. அக்காள் மகளைச் செல்லமாக மோட்டாரில் ஏற்றிக்கொண்டு சுற்றுகிறார் என்று கடைக்காரர்கள் நினைத்தார்கள். மெஷினின் பின்பக்கம் மாமா திருப்புளியோடு குனிந்திருப்பார். நான் முன்பக்கம் நின்று திரையைப் பார்ப்பேன்.

“இப்ப எப்படி இருக்கு பாப்பா?”

“சட்டை நல்லா இருக்கு மாமா. மூஞ்சிதான் பச்சையா இருக்கு.”

“இப்ப?”

“ஆ, இப்ப மனுசன் மாதிரி இருக்கு.”

தமிழில் பேசுவதால் சீன முதலாளிகளான தவுக்கேமார்களுக்குப் புரியாது. எனக்குச் சம்பளம், வேலை முடிந்ததும் ஓர் ஆட்டமும் ஒரு மைலோ ஐஸும். உலகத்திலேயே பெரிய உத்தியோகம் என்னுடையதுதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

மாமாவின் குறை வெளிப்பட்டது தோட்டத்தில் என்று அம்மா சொல்வார். சிலிம் ரிவர் பக்கம் அவர்கள் இருந்த கித்தாத் தோட்டம் ரப்பரை விட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறியபோது மாமா குலை வெட்டும் வேலைக்குப் போனார். சிவந்து பழுத்ததையும் பழுக்காததையும் ஒன்றாக வெட்டித் தள்ளினார். வேண்டுமென்றே செய்கிறான் என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அவரை விரட்டிவிட்டார். மாமா மறுத்துப் பேசவில்லையாம். குறையைச் சொல்வதைவிடத் திமிர்பிடித்தவன் என்ற பெயரோடு போவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

நான் மாமாவோடு சுற்றிய அந்த ஒன்பதாவது வயதில் எனக்கு அம்மை போட்டிருந்தது. வேப்பிலை வாசத்தில் படுத்துக் கிடந்தேன். அந்த வாரம் பார்த்து, கடைத்தெருவில் எல்லாவற்றிலும் பெரிய கேம் கடையிலிருந்து மாமாவுக்கு அழைப்பு வந்தது. வாசலை ஒட்டி நிற்கும் கார்ப் பந்தய மெஷினில் படம் மங்கிவிட்டது. அந்த மெஷினைப் பார்த்துத்தான் பிள்ளைகள் கடைக்குள்ளே வருவார்கள். மாமா தனியாகப் போனார். தனக்குத் தெரிந்த அளவில் சரி செய்துவிட்டு நிமிர்ந்தார்.

திரையில் சிவப்புக் கார் சேற்றில் முக்கி எடுத்தது போலவும், கொடி பிடித்து நின்ற பெண்ணின் முகம் பாசி பிடித்தது போலவும் இருந்ததாம். கடையில் வேலை பார்த்த நம் ஆள் ஒருவர், “அண்ணே, அந்தப் புள்ளைக்கு மஞ்சக்காமாலையா?” என்று கேட்டிருக்கிறார். கூடியிருந்த பையன்கள் சிரித்தார்கள். தவுக்கே கல்லாவிலிருந்து எழுந்து வந்து பார்த்துவிட்டு, “மாத்தா ரோசாக்கா?” என்று கேட்டார். மலாயில் கண் கெட்டுப்போச்சா என்று அர்த்தம். அவர் விளையாட்டாகத்தான் கேட்டார்.

மாமா வீட்டுக்கு வந்து இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னபோது நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டார். அடுத்த வாரம் வந்து சரி செய்து தருவதாகவும், முடியாவிட்டால் இனி அந்தப் பக்கம் வருவதில்லை என்றும் சொல்லிவிட்டு வந்தாராம். நான் போர்வைக்குள்ளேயே முடிவு செய்துவிட்டேன். அடுத்த வாரம் எனக்கு உடம்பு சரியாகிவிடும். மாமாவை நான் காப்பாற்றுவேன்.

ஆனால் மாமா மறுநாள் ஒரு பெட்டியோடு வந்தார். பயணப் பெட்டி போலக் கைப்பிடி வைத்தது. மூடியைத் திறந்தால் மூன்று மீட்டர்கள், வரிசையாகப் பொத்தான்கள், கட்டுக் கட்டாய் வயர். ஜெலாப்பாங்கில் டிவி ரிப்பேர் கடை ஒன்றைக் காலி செய்துகொண்டிருந்தவரிடமிருந்து தூக்கி வந்திருந்தார்.

“பிக்சர் டியூப்புக்கு நாடி பாக்குற மெஷின்லா இது. சிவப்புக்கு ஒரு முள்ளு, பச்சைக்கு ஒரு முள்ளு, நீலத்துக்கு ஒரு முள்ளு. டியூப்புக்குள்ள எதுக்குச் சக்தி கொறைஞ்சிருக்கோ அந்த முள்ளு படுத்துரும்.”

அதைச் செய்தவர்கள் மீட்டரில் நல்ல பகுதிக்குப் பச்சையும் கெட்ட பகுதிக்குச் சிவப்பும் பூசி வைத்திருந்தார்கள். மாமா அதைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டுச் சிரித்தார். ஓர் ஊசியை எடுத்து, இரண்டும் சேரும் இடம் எது என்று என்னைக் கேட்டு, மூன்று மீட்டர் கண்ணாடியிலும் ஒரு கோடு கீறிக்கொண்டார்.

இன்னொரு தொல்லை இருந்தது. அந்தப் பெட்டி பழைய காலத்து டிவிகளுக்காகச் செய்தது. கேம் மெஷின் டியூப்பின் கழுத்தில் உள்ள பின்கள் வேறு மாதிரி. பெட்டியோடு வந்த சாக்கெட் ஒன்றும் அதில் மாட்டவில்லை. மாமா செத்துப்போன ஒரு திரையிலிருந்து கழுத்துச் சாக்கெட்டை மட்டும் சூடு காட்டிக் கழற்றி எடுத்தார். அதில் எந்தப் பின் எதற்கு என்று மீட்டர் வைத்து ஒவ்வொன்றாகத் தேடினார். டியூப்பைச் சூடேற்றும் பின்கள் மாறிப்போனால் உள்ளே இருக்கும் இழை எரிந்துவிடும், பிறகு டியூப்பைக் குப்பையில்தான் போட வேண்டும். அதனால் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். வயர்களின் நிறத்தை அவர் நம்பவே இல்லை. சிவப்புக்கு ஒரு முடிச்சு, பச்சைக்கு இரண்டு, நீலத்துக்கு மூன்று என்று நூல் கட்டிக்கொண்டு, விரலால் தடவிப் பார்த்தே ஈயம் வைத்தார். தொழிற்சாலை விட்டு வந்ததும் உட்கார்ந்தால் அம்மா சோற்றுத் தட்டைப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். அத்தனை பொறுமையான கைகளை அதற்குப் பிறகு நான் அதிகம் பார்க்கவில்லை.

சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டுதான் போனார். கடையில் வழக்கத்தைவிடக் கூட்டம். மஞ்சக்காமாலை அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மின்சாரத்தை நிறுத்தினாலும் டியூப்புக்குள் கரண்டு தங்கியிருக்கும் என்று மாமா என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். திருப்புளியை வைத்து அதை இறக்கியபோது பட்டென்று ஒரு சத்தம் வந்தது. பிறகு தன் சாக்கெட்டை டியூப்பின் கழுத்தில் மெதுவாகச் செருகிப் பெட்டியின் சுவிட்சைத் தட்டினார். கழுத்துக்குள் சின்னதாக ஒரு தணல் தெரிந்தது. இரண்டு முட்கள் எழுந்து கோட்டைத் தாண்டி நின்றன. சிவப்புக்கான முள் பாதி வழியிலேயே படுத்துக்கொண்டது.

“பார்த்தீங்களா தவுக்கே? டியூப்லதான் கோளாறு,” என்று மாமா மலாயில் சொன்னார். ஒரு பொத்தானை அழுத்தினால் சிவப்புக்கு உயிர் வரலாம், அடியோடு போகவும் போகலாம், என்ன செய்யட்டும் என்று கேட்டார்.

தவுக்கே மெஷினைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். “தேக்கான்லா,” என்றார். அழுத்து.

மாமா அழுத்தினார். கழுத்துக்குள் பொறி ஒன்று மின்னியது. முள் செத்ததுபோல் கீழே விழுந்தது. யாரோ ‘ஐயையோ’ என்றார்கள். மாமா அசையவில்லை. முள் லேசாக நடுங்கியது. பிறகு மெதுவாக ஏறத் தொடங்கியது. ஏறி, ஊசிக் கோட்டைத் தாண்டி, மற்ற இரண்டின் பக்கத்தில் போய் நின்றது.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, மெஷினைப் போட்டு, வோல்ட் மீட்டரைப் பார்த்துப் பார்த்து மாமா திருகுகளைத் திருப்பினார். நான் வழக்கம்போல் திரைக்கு முன்னால் போய் நின்றேன். கார் செக்கச்செவேலென்று வந்தது. கொடி பிடித்த பெண் பளிச்சென்று சிரித்தாள். ‘மனுசன் மாதிரி இருக்கு மாமா’ என்ற வார்த்தை என் வாய் வரைக்கும் வந்து நின்றது.

‘இப்ப எப்படி இருக்கு’ என்று மாமா கேட்கவில்லை. பின்பக்கத்திலிருந்து எழுந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, “முடிஞ்சிருச்சு தவுக்கே,” என்றார். தவுக்கே அவர் முதுகில் தட்டி “பாகுஸ், பாகுஸ்” என்று பாராட்டினார். மஞ்சக்காமாலை அண்ணன்தான் முதல் ஆளாகக் காசு போட்டு உட்கார்ந்தார். மாமா இடுப்பில் கை வைத்து, தன் கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிவப்பைப் பார்த்தபடி ராஜா மாதிரி நின்றார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

மைலோ ஐஸ் வந்ததும் நான் ஐஸ் கட்டியைக் குத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

“ஏன் உம்முன்னு இருக்க?”

“இனிமே நான் வர வேணாமா மாமா?”

“யாரு சொன்னா? வராம போயிருவியா நீ?” என்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னொரு மைலோ சொன்னார். நான் இன்னும் முதல் கிளாஸையே முடித்திருக்கவில்லை.

அந்த வருடப் பள்ளி விடுமுறையில் நாங்கள் ஜொகூருக்குக் குடிபோனோம். அப்பாவுக்கு அங்கே வேலை கிடைத்திருந்தது. பரீட்சை கெட்டுவிடும் என்று எனக்கு மட்டும் கடைசிவரை சொல்லாமல் வைத்திருந்தார்கள். நாங்கள் போகப்போவது, எனக்கு அம்மை போடுவதற்கு முன்பே மாமாவுக்குத் தெரியுமாம். என் இடத்தைப் பிடிக்க வந்தது என்று அந்தப் பெட்டியின் மேல் அப்படி ஒரு கோபம் இருந்தது எனக்கு. நான் இல்லாத சனிக்கிழமைகளுக்குத் தனியாகப் போய்ப் பழக, மாமா அதைத் தயார் செய்துகொண்டிருந்தார் என்பது ஒன்பது வயதில் எனக்கு எட்டவில்லை.